ஸ்பேஸை அமுக்காதீங்க

வெளியே கிரில் கேட்டில் பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் எப்சிபாவுக்கு எப்போதும் வருகிற எரிச்சல் இன்றைக்கு வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பூட்டிக்கிட்டுப் போங்க, மகராசராப் போங்க, நாகர்கோவில் போயி கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பொண்ணு ஒல்லி மாப்பிள்ளை குட்டைன்னு நாலு குறையும் சொல்லி முடிச்சுட்டு மெதுவா வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணன் ஜெயசிங் காரைக் கிளப்புவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் வந்து, "நீ எதுக்கும்மா வெயில்ல அலையணும், அந்தக் கூட்டத்துல எவன் காலை மிதிப்பான் எவன் தள்ளுவான்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கல்யாணம் பியூலா மதினியின் சித்தி வீட்டில். அந்தச் சித்தி பாளையங்கோட்டைக்கு வந்து இதே வீட்டில் உட்கார்ந்து, "எப்சி, நீ கண்டிப்பா வரணும் கேட்டியா" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னவளுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும், கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று. முப்பத்தெட்டு வயசுப் பொம்பிளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு லில்லி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கெட்டவர்களா என்றால், அதுதான் இல்லை. நல்லவர்கள். அவளுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பை வைத்து, அதை அடுப்பின் இடது பக்கம் வைத்திருப்பதையும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். நல்லவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று பிறவியிலேயே கண் தெரியாதவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கார் சத்தம் தெருமுனை திரும்பியதும் அவள் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு அந்த மெஷினை எடுத்தாள். ஒளித்துத்தான் வைத்திருந்தாள், வேறு வழியில்லை. அது அண்ணன் மகள் ஷெரின் பள்ளிக்கூடம் படித்தபோது ஏதோ ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனி கொடுத்த லேப்டாப். கம்பெனியோட பாடத்தைத் தவிர வேறெதையும் அது ஓட்டாது, அப்படித்தான் அதைப் பூட்டி விற்றிருந்தார்கள். கம்பெனி இழுத்து மூடிவிட்டது, ஷெரின் கோயம்புத்தூரில் காலேஜுக்குப் போய்விட்டாள், பெட்டி மட்டும் செத்த கம்பெனியின் பேரைக் கேட்டுக்கொண்டு பீரோ மேலே கிடந்தது. எப்சிபாவின் சொந்த மெஷின் போன மாதம் போய்விட்டது. போகிற சவம் ஒரு வருஷம் முன்னாடி போயிருக்கலாம், இல்லை ஒரு வருஷம் கழித்துப் போயிருக்கலாம். சென்னைக் கம்பெனி வைத்த பரீட்சையில் அவள் தேறி, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து வேலை என்று சொன்ன வாரம் பார்த்துப் போனது. வேலை பெரிய வேலை ஒன்றுமில்லை, ஆட்கள் போனில் பேசியதைக் கேட்டுக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் தமிழில் தட்டித் தரவேண்டும். ஆனால் அவள் பேருக்கு வந்த வேலை, யார் சிபாரிசும் இல்லாமல், அவள் காதுக்கும் விரலுக்கும் வந்த வேலை. திங்கட்கிழமை காலையில் மெஷினோடு உட்காரவில்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். "போனா போவுது, விடு. உனக்கு என்ன குறை, நான் இருக்கேன்லா" என்றான் அண்ணன். அதுதானே குறை, நீ இருக்கிறதுதானே குறை என்று அவள் சொல்லவில்லை, வாய்வரைக்கும் வந்ததை மென்று முழுங்கினாள்.

அந்தப் பெட்டியின் பூட்டை உடைக்கலாம் என்று சொன்னது சுடலைமுத்து. மதுரையில் இருக்கிறான், கண் தெரியாதவர்கள் பள்ளிக்கூட விடுதியில் அவளோடு படித்தவன், அவனுக்கும் கண் கிடையாது, வாய் மட்டும் ரெண்டு ஆளுக்கு உண்டு. "ஏ எப்சி, அதுக்குள்ள லினக்ஸைப் போட்டுரலாம்ளா, நான் என் மெஷினுக்குப் போட்டுட்டேன். அது அதுக்காகச் செஞ்ச பெட்டி இல்லதான், முரண்டு பிடிக்கும். நாம பிடிக்காத முரண்டா" என்று போனில் சொன்னவன், மறுநாளே மெஷினை ஓட்டுகிற, திரையில் வருவதையெல்லாம் பேசிக் காட்டுகிற லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பிவிட்டான். பூட்டு உடைவது லேசாகத்தான் உடைந்தது, கீபோர்டில் மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் சரி. ஆனால் உடைத்த பிறகு அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் திரையில் ஒரு எச்சரிக்கையை எழுதிக் காட்டுமாம்: இந்த மெஷினின் பாதுகாப்பு நீக்கப்பட்டிருக்கிறது, திரும்பப் பூட்ட ஸ்பேஸை அமுக்கவும். அமுக்கினால் அவ்வளவுதான், உள்ளே போட்டதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டுப் பழையபடி பூட்டிக்கொள்ளும். எப்சிபாவுக்குத் திரை கிடையாது, அவளுக்குக் கேட்பது ரெண்டு பீப் மட்டும்தான். பீப் கேட்டதும் கண்ட்ரோலையும் எல் எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் போய்க்கொண்டே இருக்கலாம். கண்ணில்லாதவளுக்குக் குழப்பமே கிடையாது. கண்ணுள்ளவர்கள்தான் படித்துத் தொலைக்கிறார்கள். முதல் தடவை அவள் பூட்டை உடைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் மதினி மேஜை துடைக்க வந்து, மூடியைத் திறந்து, எழுத்துக்கூட்டிப் படித்து, ஐயோ ஏதோ தப்பு நடந்துபோச்சே என்று பதறி அமுக்கிவிட்டாள். ரெண்டாவது தடவையும் அதே கதை. "நல்லதுக்குத்தான் அமுக்கினேன், போலீஸ் கேஸு கீஸுன்னு வந்துச்சுன்னா?" என்றாள். மதினி ரோட்டில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் ஆளே இல்லாவிட்டாலும் நிற்கிறவள், 'அமுக்கவும்' என்று எழுதியிருந்தால் அமுக்கத்தான் செய்வாள். அதனால்தான் இன்றைக்குக் கல்யாணம் என்றதும் எப்சிபா வாயைத் திறக்காமல் தலையாட்டினாள், கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதினி அதைப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

இப்போது பூட்டை உடைத்தாயிற்று, பென்டிரைவைச் சொருகியாயிற்று, பீப் பீப் வந்தாயிற்று, கண்ட்ரோலும் எல்லும் அமுக்கியாயிற்று. சுடலை சொன்னபடி மனசுக்குள் பத்து எண்ணி, எஸ் எழுத்தைத் தட்டி என்டரை அமுக்கினால் ஒரு குரல் வரவேண்டும், வந்து என்ன பாஷை வேண்டும் என்று கேட்கவேண்டும். தட்டினாள். காத்திருந்தாள். கிணற்றில் போட்ட கல்லாக ஒரு பதிலும் இல்லை. சரி, பழைய பெட்டி, மெல்லத்தான் எழுந்திருக்கும், அவசரப்பட்டால் ஆகாது என்று உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. சூடு இருக்கிறதென்றால் உயிர் இருக்கிறது, உயிர் இருக்கிறதென்றால் உள்ளே ஏதோ நினைத்துக்கொண்டிருக்கிறது. என்ன நினைக்கிறது? இவள் யார், நம்மைத் தட்டுகிறவள் என்று நினைக்கிறதா? நினைக்கட்டும். மின்விசிறி சுற்றுகிற சத்தம், தெருவில் வெள்ளைப்பூண்டு விற்கிறவனின் ஒலிபெருக்கி, லில்லி அக்கா வீட்டுக் குக்கர் ஒரு விசில், எல்லாம் பேசுகிறது, இது மட்டும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. விடுதியில் ரத்தினபாய் டீச்சர் ஒருத்தி இருந்தாள், அவளும் இப்படித்தான், கோபம் வந்தால் பேசமாட்டாள், வகுப்புக்குள் வந்து சத்தமில்லாமல் நிற்பாள், எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். எப்சிபா கணக்கில் நூறு வாங்கிய அன்றைக்கு அந்த டீச்சர், "குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், எப்சிபாவும் சிரித்துத் தொலைத்தாள், பத்து வயசில் வேறென்ன செய்வது. இப்போது சொல்லுங்கள் டீச்சர், பாய்ந்தது பாய்ந்ததுதானே? விட்டத்தில் போய் விழுந்ததா இல்லையா? விட்டம் எங்கே இருக்கிறதென்று பூனைக்குத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? பூனைக்கு மூக்கு கிடையாதா, மீசை கிடையாதா? நீங்கள் பேசாமல் நின்றீர்களே, அப்போதெல்லாம் உங்கள் பவுடர் வாசனை மூன்றாவது பெஞ்சுக்கு வந்துவிடும், நாங்கள் எல்லாரும் நீங்கள் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பாமல் இருக்கப் படாதபாடு பட்டோம். என்னத்தையாவது சொல்லு சவமே என்று அவள் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

ஒருவேளை திரையில் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்கிறதோ. கேட்டுக்கொண்டுதான் நிற்கும், எல்லாரும் படித்துவிட்டுப் பதில் சொல்லும்படியாக எழுதி வைத்துக்கொண்டு, இந்த உலகமே அப்படித்தானே நிற்கிறது. போனை எடுத்து வீடியோவில் ஷெரினைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷ வேலை, "அத்தே, கேமராவக் கொஞ்சம் கீழ இறக்குங்க, ம், இப்படி எழுதியிருக்கு" என்று படித்துச் சொல்வாள், நல்ல பிள்ளை. சொல்லிவிட்டுச் சாயங்காலம் அப்பாவிடமும் சொல்வாள். "என்னம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்று அண்ணன் வருத்தப்படுவான், கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை, வருத்தப்படுவான். வேண்டாம். கண்ணைக் கடன் வாங்கிக் கடன் வாங்கித்தான் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒவ்வொரு கடனுக்கும் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பிறகு எழுந்திருப்பதேயில்லை. பேங்கில் கணக்குத் தொடங்கிய அன்றைக்கு அவள் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள், எழுதத் தெரியும், பேனாவைப் பிடித்துத் தன் பேரை நாலு எழுத்தும் கோணாமல் எழுதுவாள், அதற்காக ஒரு மே மாதம் முழுக்கப் பழகியிருந்தாள். அந்த அதிகாரி அவளிடம் பேசவில்லை, அண்ணனிடம், "கைநாட்டு வச்சிரச் சொல்லுங்க சார், அதான் சேஃப்" என்றார். அண்ணன் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினான், மெதுவாகத்தான் அழுத்தினான், அழுத்திவிட்டுத் தன் கர்ச்சீப்பால் துடைத்தும் விட்டான். ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில், அதன் நம்பர் ஷெரின் பிறந்த தேதி. அவள் போனைத் திறக்கிற நம்பரும் அதே தேதி, அவன்தான் போட்டுக் கொடுத்தான், "மறக்காதுல்லா" என்று. மறக்காதுதான், வீட்டில் ஒருத்தருக்கும் மறக்காது. மதினிக்குத் தெரியும், ஷெரினுக்குத் தெரியும், லில்லி அக்காவுக்குக்கூடத் தெரியும், ஒருநாள் கீரைக்காரியிடம் சில்லறை இல்லையென்று இவள் போனிலிருந்துதான் காசு அனுப்பினாள். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பார்கள். விஷயம்தான். அவள் உள்ளங்கை இன்னும் பெட்டியின் மேல்தான் இருந்தது, வேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பயம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். பெட்டி செத்துவிட்டதோ என்று பயம், திங்கட்கிழமை சென்னையிலிருந்து கூப்பிட்டால் என்ன சொல்வது என்று பயம், அதைவிட, சரி போகட்டும் என்று தானே சொல்லிவிடுவோமோ என்று பயம். பெட்டியை அணைத்துத் திறந்தாள். பீப் பீப். கண்ட்ரோல், எல். எஸ், என்டர். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. பீப் வருகிறதே, பீப் வந்தால் வாய் இருக்கிறது என்றுதானே அர்த்தம், வாய் இருந்துகொண்டு ஏன் பேசமாட்டேன் என்கிறது என்று மனசு அதையே பிடித்துக்கொண்டு சுற்றியது. பீப் வருகிறது, பேச்சு வரவில்லை. பீப் வருகிறது, பேச்சு வரவில்லை. மூக்குத்தியைத் திருகிக்கொண்டே இருந்தாள், யோசனை வந்தால் அவள் கை அங்கேதான் போகும். பீப் போடுவது யார்? அது கம்பெனிக்காரன் பெட்டியோடு பிறந்த பீப், அவன் வாயை அவனுக்குத் தெரியும். லினக்ஸ் வேற்றூர்க்காரன், இந்த வீட்டில் வாய் எங்கே காது எங்கே என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறானோ, நமக்குக் கேட்காத பக்கமாகப் பார்த்துப் பேசுகிறானோ? அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்த ஒரு வாயை நாம்தான் கொடுக்கவேண்டும். பரீட்சை எழுதின ஹெட்போன் இருக்கிறது, யுஎஸ்பி சொருகுகிற ஹெட்போன், சத்தம் போடுகிற ஒலி அட்டை அதற்குள்ளேயே இருக்கும், எந்தப் பெட்டியிலும் பேசும். அது காலையிலிருந்து அவள் மடியில்தான் கிடக்கிறது. ஏன் சொருகவில்லை? சுடலை சொன்னான், "பென்டிரைவைத் தவிர வேற எதையும் சொருகிராத, கேட்டியா". கேட்டேன். கேட்டேனே தவிர ஏன் என்று கேட்கவில்லை. சொருகாதே என்றால் சொருகுவதில்லை, ஓடாதே என்றால் ஓடுவதில்லை, வாசலில் நில் என்றால் மழை வந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பது, விடுதியில் அப்படித்தானே வளர்த்தார்கள், நகர்ந்தால் தேடவேண்டியிருக்கும் என்று. எழுத்தைக் கண்டால் அமுக்குகிறாள் என்று மதினியைப் பார்த்துச் சிரித்தேனே, சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை நாளாக உட்கார்ந்திருக்கிற நான் அவளுக்கு எந்த விதத்தில் மேல்? சுடலை மெஷினுக்கு வாய் தானாகத் திறந்திருக்கும், அவன் அதை வைத்துச் சொல்லிவிட்டான், அவன் என்ன வேதாகமமா? எப்சிபா பெட்டியின் ஓரத்தைத் தடவி இன்னொரு துளையைக் கண்டுபிடித்து ஹெட்போனைச் சொருகிவிட்டு, பெட்டியை மறுபடி அணைத்துத் திறந்தாள்.

பீப் பீப். கண்ட்ரோல், எல். எஸ், என்டர். ஹெட்போனைக் காதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்தாள், ஜெபத்துக்கு உட்காருகிற மாதிரி, ஆனால் ஜெபம் பண்ணவில்லை, ஆண்டவரை இதில் இழுக்க அவளுக்கு மனசில்லை, இது தன் காரியம். லேசாக ஒரு இரைச்சல். பிறகு மூக்கடைத்த ஒரு குரல், இங்கிலீஷில், அவசர அவசரமாக, இந்த ஒலி அட்டையைப் பயன்படுத்த என்டரை அமுக்கவும் என்றது. ஏ அப்பா. அழுகை வந்துவிட்டது. ஒரு தகரக் குரலைக் கேட்டு இப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள், அதுவும் அது ஆளே இல்லாத குரல். அழுதுகொண்டே என்டரை அமுக்கினாள். அதற்குப் பிறகு அது கேட்கக் கேட்க இவள் சொன்னாள், எந்த நாடு, எந்த பாஷை, மெஷினுக்கு என்ன பேர். பேரா? கொஞ்ச நேரம் யோசித்து 'விட்டம்' என்று இங்கிலீஷ் எழுத்தில் வைத்தாள். டிஸ்கில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. கை நின்றது. பென்டிரைவும் டிஸ்க், பெட்டிக்குள் இருப்பதும் டிஸ்க், எது எதென்று பேரை வைத்துத்தான் சொல்கிறது, மாற்றிச் சொன்னால் ஏணியில் நின்றுகொண்டே ஏணியை அறுத்த கதையாகிவிடும். மறுபடி படிக்கச் சொன்னாள். இன்னொரு தடவை. பெரியது பெட்டி, சின்னது பென்டிரைவ், இது பெரியது. ஆனாலும் யாரையாவது கேட்டுக்கொண்டால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு குரல், அது அவள் குரலே இல்லை, வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களின் குரல். தப்பானால் என்ன, தப்பு என்னுடையதாக இருக்கட்டும், எனக்கென்று ஒரு தப்புகூட இல்லாமலா சாகச் சொல்கிறீர்கள் என்று சம்மதத்தை அமுக்கினாள். கடைசியாகப் பாஸ்வேர்டு கேட்டது. விரல் தானாக ஷெரின் பிறந்த தேதிக்குப் போயிற்று, முதல் எண்ணைத் தட்டியும் விட்டது. அழித்தாள். கட்டைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தாள், இதுவரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லாத ஒன்று தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடினாள். இருந்தது. அவ்வளவு நாளாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. அதைத் தட்டினாள், சரிதானா என்று கேட்டதற்கு மறுபடியும் தட்டினாள்.

பெட்டி தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது, அவ்வப்போது இத்தனை சதவீதம் என்று முனகிக்கொண்டது. ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டாள், மேஜையில் சாப்பிடக் கூடாது என்பது மதினி சட்டம், இன்றைக்கு மதினி சட்டம் நாகர்கோவிலில் இருக்கிறது. மொச்சை நன்றாக வெந்திருந்தது. நல்ல குழம்பு, இந்த வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது, அம்மா அப்பா போனபிறகு அண்ணன் இவளை விட்டுவிடவில்லை, காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தான், கல்யாணம் பேசும்போதே பியூலாவிடம், என் தங்கச்சி என்கூடத்தான் இருப்பா என்று சொல்லித்தான் கட்டினான். அதையெல்லாம் நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் தொண்டை அடைத்தால் பேச்சு வராது, பேச்சு வராமலே முப்பத்தெட்டு வயசாகிவிட்டது. பாசம் இருக்கிறது, அதற்காகக் கையையும் காலையும் அவன் பையிலேயே போட்டு வைத்திருக்க முடியுமா? இந்த வேலை போனால் இன்னொரு வேலை வரும் என்று சொல்கிறவர்கள் வரிசையில் நின்று பார்க்கட்டும். இவளுக்கு வராது. வந்தாலும், அண்ணன் இருக்கான்லா என்று இவளே சொல்லிவிடுவாள், அடுத்த தடவை சொல்லுவதற்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. அதனால் இதுதான், இந்தப் பெட்டிதான், திங்கட்கிழமைதான். கழுத்தில் கிடந்த ஹெட்போன் எதையோ சொன்னது, கையைக் கழுவாமலே எடுத்துக் காதில் வைத்தாள். முடிந்தது, பென்டிரைவை எடுத்துவிட்டு மெஷினைத் திரும்பத் தொடங்கவும் என்றது. அதே நேரத்தில் வெளியே கிரில் கேட்டில் பூட்டு திறந்தது.

இவ்வளவு சீக்கிரமாகவா? பென்டிரைவை உருவினாள், என்டரை அமுக்கினாள், பெட்டி அணைந்து எழுந்திருக்கிற அந்த இடைவெளியில் வீட்டுக்குள் பிச்சிப்பூவும் பிரியாணியும் கார் ஏசியும் கலந்த வாசனை வந்துவிட்டது. "வெயிலு தாங்கல, கேக் வெட்டினதும் கிளம்பிட்டோம். உனக்குப் பார்சல் வாங்கியிருக்கேன் எப்சி" என்று சொல்லிக்கொண்டே மதினி அறைக்குள் வந்தாள், பட்டுச்சேலை உரசல் மேஜைவரைக்கும் வந்து நின்றது. பீப் பீப். "ஏட்டி, இது என்ன, மறுபடியும் அதே எழுத்து வந்திருக்கு. பாதுகாப்பு போயிருச்சுன்னு போட்டிருக்கான் பாரு, ஸ்பேஸை அமுக்கச் சொல்லுதான். நீ தள்ளு, நான் அமுக்குதேன்" என்று மதினி சொல்லச் சொல்லவே வளையல் சத்தம் இவள் முகத்தைத் தாண்டி மேஜைப் பக்கம் இறங்கியது. எப்சிபா இடது கையை வீசி அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டோடு சேர்த்து, வளையல் ஒன்று நெரிந்து உடைகிற அளவுக்கு. பிறந்ததிலிருந்து எல்லாரும் அவள் கையைத்தான் பிடித்திருக்கிறார்கள், ரோடு தாண்ட, படி இறங்க, மையில் தோய்க்க, கேட்டும் கேட்காமலும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவள் இன்னொருத்தர் கையைத் தானாகப் போய்ப் பிடித்தது இதுதான் முதல் தடவை. பிடித்ததும் தெரிந்தது, மதினி கை ரொம்பச் சின்னக் கை. "ஸ்பேஸை அமுக்காதீங்க மதினி" என்றாள், சத்தம் போடவில்லை. "வலிக்குது ஏட்டி, விடு" என்றாள் மதினி. "வலிக்கட்டும். கொஞ்ச நேரம் நில்லுங்க." வலது கையின் பெருவிரலால் கண்ட்ரோலையும் நடுவிரலால் எல் எழுத்தையும் அமுக்கினாள். ஹெட்போனுக்குள் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு அந்த மூக்கடைத்த குரல், பாஸ்வேர்டு என்றது. அறையில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ஒற்றைக் கையால் தட்டினாள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டார், ஸ்டார் என்றது, என்டர் அமுக்கியதும் வரவேற்றது, 'விட்டம்' என்பதை வெள்ளைக்காரன் மாதிரி உச்சரித்துக்கொண்டு. மதினியின் கையை எப்சிபா அப்போதுதான் விட்டாள். சத்தம் கேட்டு அண்ணன் வாசலில் வந்து நின்றிருந்தான், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, மதினி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "நம்ம ஷெரின் பெட்டியை என்னமோ பண்ணி வச்சிருக்கா, ஏதோ ரகசிய எழுத்தெல்லாம் தட்டுதா" என்றாள். அண்ணன் பக்கத்தில் வந்தான், திரையைப் பார்த்தான். "நீயா போட்டே?" என்றான். "ஆமா." "ஒத்தையிலயா?" "ஆமாண்ணே. திங்கட்கிழமை வேலைக்கு உக்காரப் போறேன்." அவன் அவள் தலையில் கையை வைத்தான், குரல் உடைந்துதான் வந்தது, அதில் பொய் இல்லை. "கெட்டிக்காரிம்மா நீ. சரி, பாஸ்வேர்டு என்னன்னு சொல்லு, நான் குறிச்சு வச்சுக்கிடுதேன், ஒரு அவசரத்துக்கு ஆகும்லா" என்றான். எப்சிபா ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினாள். "சொல்ல மாட்டேண்ணே" என்றாள். அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. கை அவள் தலையிலேயே இருந்தது, எடுக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. "என்கிட்டயுமா?" என்றான். "உங்ககிட்டயும்தான்" என்று சொல்லிவிட்டு அவள் ஹெட்போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள்.